இடதுகாலுக்கு ஒரு மிதி

எனக்கு இரண்டு முறை கால் எடுத்தார்கள். முதல் முறை நோய் எடுத்தது. இரண்டாம் முறை எடுத்தது என் வாய். கத்தி பிடித்தவர் வைத்தியர்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. கால் போனவர்களும், போகப்போகிறவர்களும், அவர்களுடைய மனைவிமாரும் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். டென்மார்க்கின் ஹேர்னிங் ஊரில் இடதுகாலால் கார் ஓட்டும் பிலிப் என்றால் ஹோர்சன்ஸ் நகரம் வரைக்கும் தெரியும். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: கொம்யூனுக்கு எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது? கொம்யூன் என்றால் நம் ஊர் நகரசபை மாதிரி. ஆனால் இங்கே மனிதனுடைய கை, கால், சோறு, தூக்கம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே கதையை எத்தனை பேருக்குத் தொலைபேசியில் சொல்வது? எழுதிவைக்கிறேன், வாசித்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தொரு வயது. ஹேர்னிங்கில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் கலியாணம் கட்டியவர்கள், ஐந்து பேருடைய மனைவிமாரும் ஊரில். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவியைக் கூப்பிடலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஐந்து பேரும் விண்ணப்பம் போட்டிருந்தோம். பதில்தான் வரவில்லை. என் மனைவி றீற்றாவை நான் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் விட்டுவிட்டு வந்தபோது எங்களுக்குக் கலியாணமாகி ஏழு மாதம். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவளை அதற்குள்ளிருந்து எடுப்பது ஒன்றுதான் எனக்கு வேலை. தொழிற்சாலைக்குப் போனது, சமைத்தது, தூங்கியது எல்லாம் அதற்கிடையில் செய்தவை.

பதில் ஏன் வரவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. ஒருவன் மனைவியின் பிறந்த திகதியை ஒரு தாளில் ஐந்து என்றும் மறு தாளில் ஆறு என்றும் எழுதிவிட்டான். இன்னொருவன் ரிக்கெற் இல்லாமல் ரயிலேறித் தண்டம் கட்டியவன், அது கோப்பில் ஏறிவிட்டது என்று நினைத்தான். வீட்டில் மூத்தவர் இராசன் அண்ணை, குடிவரவுக் கந்தோரில் ஒருத்தியோடு கொஞ்சம் உரத்துக் கதைத்துவிட்டேன், அதுதான் என்றார். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பிழையைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். என்னிடம்தான் பிழை இருக்கவில்லை. அதனால் இனிமேல் ஒன்று வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு மற்றவர்களை விட அதிகம்.

மார்கழியில் வலதுகால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. குளிர் என்று நினைத்தேன். டென்மார்க்கில் எது வந்தாலும் நாங்கள் குளிர் என்றுதான் நினைப்போம். விரல் நீலமாகி, நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டது. காலை உயர்த்திப் படுக்க முடியாமல் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுப் படுத்தேன். சப்பாத்துக்குள் இரண்டு சோடிக் காலுறை போட்டுக்கொண்டு ஆறு கிழமை வேலைக்குப் போனேன். ஒருநாள் மேற்பார்வையாளர் என் நடையைப் பார்த்துத் தானே காரில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் என் காலின் மேற்புறத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். இடம் மாற்றி இடம் மாற்றிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் முதற் கேள்வி, ஒருநாளைக்கு எத்தனை சிகரெட்? முப்பது என்றேன். உண்மையில் நாற்பது. அங்கேயே பத்தைக் குறைத்துத்தான் தொடங்கியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

தொடை தொடங்கும் இடத்தில் ஊசி ஏற்றி, இரத்தக்குழாய்க்குள் ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து போகும் வழியெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலச் சுட்டது. முழங்கால் வரை சுட்டது, அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அதுதான் நோய். புகைபிடிக்கும் இளம் ஆண்களுக்கு, அதிலும் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வருகிற பேர்கர் நோய் என்றார்கள். கை கால்களின் சிறிய இரத்தக்குழாய்கள் வீங்கி அடைபட்டுப்போகும். இரத்தம் போகாத இடம் செத்துப்போகும். மருந்து கிடையாது. புகையை விட்டால் நிற்கும், விடாவிட்டால் ஏறும். வைத்தியர் சொன்னதை இராசன் அண்ணை தனக்குத் தெரிந்த டெனிஷில் விளங்கி, எனக்குத் தமிழில் சொன்னார்.

“தம்பி, சிகரெட்டோ காலோ எண்டு கேக்கிறார்.”

“காலெண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“ஒரு கால் ஏற்கெனவே போயிட்டுதாம். மிச்சத்தைத்தான் கேக்கிறார்.”

மூன்று கிழமை வைத்துப் பார்த்தார்கள். விரல் கறுத்து, கறுப்பு பாதத்துக்கு ஏறியது. அந்த நாற்றம் என்னுடையது என்று எனக்கே விளங்க இரண்டு நாள் பிடித்தது. பிறகு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்தார்கள். கண் விழித்தபோது போர்வை ஒரு பக்கம் மட்டும் கட்டில் முடிய மேடாக இருந்தது. இல்லாத பெருவிரல் நொந்தது. தாதி அதை நம்பினாள், எல்லோருக்கும் அப்படித்தான், மூளைக்கு இன்னும் செய்தி போகவில்லை என்றாள். பில் எவ்வளவு வரும் என்று இராசன் அண்ணையிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இங்கே பில் இல்லை என்பதை அவர் நாலாம் தரம் சொன்னபோதுதான் நம்பினேன்.

அடுத்த கட்டிலில் ஓலே என்ற கிழவர், பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், இடுப்பெலும்பு மாற்றியவர். இராசன் அண்ணை வேலை முடிந்து பனிக்குள் சைக்கிள் மிதித்து வந்து, ஐஸ்கிரீம் பெட்டியில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து தருவார். தாதி யன்னலைத் திறப்பாள். ஓலே ஒருநாள் கரண்டியை நீட்டிக் கொஞ்சம் கேட்டார். வியர்த்து, மூக்கைத் துடைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி கரண்டியை நீட்டினார். அன்றிலிருந்து பெட்டி இரண்டாக வந்தது. அந்தக் குளிரில் எனக்குக் கிடைத்த குடும்பம் அவர்கள்தான். அதை அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஓலே செத்தே இருபது வருடத்துக்கு மேலாகிறது.

றீற்றாவுக்கு, பனியில் வழுக்கிக் காலில் சின்னக் காயம் என்று எழுதினேன்.

காயம் ஆறியதும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பொய்க்கால் செய்தார்கள். பொய்க்காலில் நடக்கப் பழக்கினார்கள். அப்போதுதான் கிர்ஸ்டன் வந்தாள். அவள் எர்கோதெரபிஸ்ட். ஊனமானவன் வீட்டிலும் வேலையிலும் என்ன செய்ய முடியும், எதை மாற்றிக் கொடுத்தால் செய்வான் என்று பார்ப்பது அவளுடைய தொழில். நெட்டையாக, ஆண்களின் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவாள். என்னிடம் கார் லைசென்ஸ் இருப்பதைத் தாளில் கண்டுவிட்டு, ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். அதில் இரண்டு மிதிகள் பூட்டியிருந்தன. வழக்கமாக பிரேக்குக்கு வலதுபக்கத்தில் இருக்கும் அக்சிலரேட்டர், இந்தப் பலகையில் பிரேக்குக்கு இடதுபக்கம் இருந்தது.

“சிவப்பு விளக்கு எரிந்தால் பிரேக். பச்சை என்றால் மற்றது. இரண்டையும் இடதுகாலால்,” என்றாள்.

முதல் நாள் எல்லாம் பிழைத்தது. சிவப்பு எரிந்தால் இல்லாத வலதுகால்தான் முதலில் போனது. ஒரு கிழமையில் பிடிபட்டுவிட்டது. கிர்ஸ்டன் நேரத்தை எழுதிப் பார்த்து, இரண்டு கால் உள்ள பலரை விட நீ கெட்டி என்றாள். கியர் தானே மாறும் கார் ஒன்று, அதில் இடப்பக்கம் ஒரு அக்சிலரேட்டர், அவ்வளவுதான் தேவை, கொம்யூன் உதவும் என்றாள். தொழிற்சாலையிலிருந்தும் சொல்லியனுப்பினார்கள். வெட்டிய துணியைச் சுற்றுக் கிராமங்களில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களிடம் கொடுத்து, தைத்ததைத் திருப்பி எடுத்து வருகிற வேலை கோடை வரை எனக்காகக் காத்திருக்கும். நிற்காமல் இருந்தபடியே செய்யும் வேலை. எனக்கு வேறென்ன வேண்டும்? அன்று பின்னேரம் ஓலேயின் பேரன் கொண்டுவந்த கேக்கில் பெரிய துண்டாக எடுத்தேன்.

கிர்ஸ்டன் கார் உதவிக்கு ஒரு படிவம் தந்தாள். கையெழுத்துப் போட்டேன். நான் வீட்டுக்கு வந்ததும் இராசன் அண்ணை அதன் பிரதியை அகராதி வைத்து வாசித்தார். நிரந்தரமாக உடற்திறன் குறைந்தவர் என்று எழுதியிருந்தது.

வீட்டில் எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தார்கள். 

“உதைப் போய் எழுதிக் குடுத்திருக்கிறியே,” என்றான் ரயிலில் தண்டம் கட்டியவன். “நொண்டிக்கு மனிசியைக் கூப்பிட விடுவாங்களே? இவனையே நாங்கள் பாக்கவேணும், இனி இவளையும் பாக்கிறதோ எண்டு கேப்பாங்கள்.”

“எல்லாம் ஒரே அரசாங்கம்தானே,” என்றான் பிறந்த திகதியை மாற்றி எழுதியவன்.

அது சட்டத்தில் இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் அந்த மேசையில் அது வேதவாக்கு மாதிரி இருந்தது.  இவ்வளவு காலமும் பிழையில்லாமல் வைத்திருந்த என் கோப்பில், என் கையாலேயே ஒரு பிழையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நம்பினேன்.

நேரே போய் கிர்ஸ்டனிடம், எனக்கு வேண்டாம், காரணம் இது, என்று சொல்லியிருக்கலாம். அது எங்களுக்கு வராது. இவ்வளவு உதவி செய்தவளின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, காரியம் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. கொம்யூனிலிருந்து ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்து என் நிலைமையைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அப்படியென்றால் பார்க்கட்டும், நல்லாகப் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தோம்.

அது வைகாசி மாதம். வீட்டைக் கழுவினோம். ஊன்றுகோல் இரண்டையும் குளியலறைக்குள் ஒளித்தோம். நான் கலியாண வீட்டுக்குப் போடும் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டேன். ரோல்ஸ் பொரித்தோம், வடை சுட்டோம். எங்கள் வீடு இரண்டாம் மாடியில். விருந்தாளி வந்தால் வாசலுக்குப் போய்க் கூட்டிவருவது எங்கள் வழக்கம். நான் பொய்க்காலோடு இரண்டு மாடி இறங்கிப்போய், வந்த பெண்ணுக்கும் கிர்ஸ்டனுக்கும் கைகொடுத்து, அவர்களுக்கு முன்னால் கைபிடியைத் தொடாமல் ஏறிவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் மறைத்தது முழுக்கால்.

அலுவலர் நல்ல மனுஷி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே, ஒரு மணித்தியாலமும் நின்றபடி பதில் சொன்னேன். இருக்கச் சொன்னாள். இல்லை, பழக்கம் என்றேன்.

“எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?”

“எவ்வளவும் நடப்பேன்.”

“நோவு?”

“இல்லை.”

“நின்று வேலை செய்ய முடியுமா?”

இராசன் அண்ணை மொழிபெயர்க்க என்னைப் பார்த்தார். “என்ன சொல்ல, தம்பி?” என்று மெல்லக் கேட்டார். அவருக்கு மட்டும் அன்று முகம் சரியில்லை.

“ஏலும் எண்டு சொல்லுங்கோ.”

“உனக்கு ஏலாதடா.”

“சொல்லுங்கோ அண்ணை.”

அவர் சொன்னார். கிர்ஸ்டன் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “பிலிப், போன கிழமை நீ என்னிடம் சொன்னது வேறு,” என்றாள். நான் சிரித்து, வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் ஒரு வடை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபிறகு காற்சட்டையைக் கழற்றினால், பொய்க்காலுக்குள் போடும் உறை முழுக்க இரத்தம். வீட்டில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். நானும் பெரிய பரீட்சை பாஸ் பண்ணியவன் மாதிரி இருந்தேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. உங்கள் உடற்திறன் குறைவு நாளாந்த வாழ்வை முக்கியமாகப் பாதிக்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு அறிகிறோம், காருக்கான உதவி தேவைப்படாது. கிர்ஸ்டன் தொலைபேசியில், மேன்முறையீடு செய்யலாம், நான் எழுதித் தருகிறேன் என்றாள். ஓம் என்றேன். செய்யவில்லை. கோடை முடிய, தொழிற்சாலை அந்த ஓட்டுநர் வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்தது. நின்று வேலை செய்ய முடியும் என்று நானே சொல்லிவிட்டேனே. பின்னல் இயந்திரத்துக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்றேன்.

பொய்க்கால் என்பது சப்பாத்து மாதிரி இல்லை. வெட்டிய முனையின் தோல் மிக மெல்லியது, உடம்புப் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்கும். புண் வந்தால் கழற்றி வைத்துவிட்டு ஆறவிட வேண்டும். நான் துணி சுற்றி இறுக்கினேன். சிகரெட்டை விட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அதுவும் பாதிப் பொய். றீற்றாவிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லாதபோது, தொழிற்சாலைக்குப் பின்னால் நின்று ஐந்தாறு இழுத்தேன். ஐந்தாறு பத்தாகியது. மறுபடி மார்கழி வந்தபோது வெட்டிய முனை கறுத்திருந்தது. காய்ச்சலோடு கொண்டுபோனார்கள். அதே வார்ட், அதே தாதி.

இந்த முறை வைத்தியர் பேனாவால் தன் காற்சட்டையின் மேலேயே கோடு போட்டுக் காட்டினார். முழங்காலுக்கு மேலே. கால் போனவர்களைத் தவிர வேறொருவருக்கும் அந்த ஒரு சாண் வித்தியாசம் விளங்காது. முழங்கால் உங்களுடையதாக இருந்தால் படி ஏறலாம், கதிரையிலிருந்து எழும்பலாம், கோயிலில் முழந்தாளிடலாம், விழப்போனால் சமாளிக்கலாம். முழங்கால் போனால் பொய்க்காலை இடுப்பால் எறிந்து எறிந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் நினைக்க வேண்டும். பட்ட காலிலே படும் என்று பழமொழி சொல்லி ஆறுதல்பட்டவர்களும் இருக்கிறார்கள். என் காலில் தானாகப் பட்டதல்ல. நானே கொண்டுபோய் இடித்தேன்.

மூன்றாம் நாள் கிர்ஸ்டன் வந்தாள். ஏசுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். “ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

என் ஓட்டை டெனிஷில் சொன்னேன். மனைவி, விண்ணப்பம், கோப்பு, நொண்டி என்று எழுதினால் வரவிடமாட்டார்கள். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பிலிப், கார்ப் படிவம் இந்த ஊர்க் கொம்யூனை விட்டு வெளியே போவதில்லை. உன் மனைவியின் கோப்பு கோப்பன்ஹேகனில். இந்த இரண்டு இடமும் ஒன்றுக்கொன்று கடிதம் கூட எழுதுவதில்லை.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அவள் புதிதாக ஒரு கார்ப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை அலுவலர் வந்தபோது உள்ளதைச் சொன்னேன். கக்கூசுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது வரைக்கும் சொன்னேன். அந்நிய மனுஷிக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

கார் வர மாதங்கள் எடுத்தன. ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் வேலை நடந்தது. அக்சிலரேட்டரிலிருந்து ஒரு தண்டைப் பிரேக்குக்குக் குறுக்காக இடப்பக்கம் கொண்டுவந்து அதில் ஒரு மிதி பூட்டினார்கள். பொய்க்கால் தவறுதலாக அழுத்தாமலிருக்க, பழைய மிதிக்கு முன்னால் ஒரு தகடு வைத்தார்கள். பட்டறைக்காரர் ஒரு திருகாணியை இறுக்குவார், என்னை ஏற்றி இருத்தி மிதிக்கச் சொல்வார், இறங்கச் சொல்லி அரை விரல் தள்ளிப் பூட்டுவார். என் காலுக்கு அளவெடுத்து ஒருவர் ஒரு பொருளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதற் தரமே உள்ளதைச் சொல்லியிருந்தால், ஒரு வருடத்துக்கு முன்பே இந்தக் கதிரையில் முழங்காலோடு இருந்திருப்பேன். பரீட்சகரோடு காரை ஓட்டிக்காட்டி, லைசென்ஸில் குறிப்பு எழுதுவித்து, முதல்நாள் வீதிக்கு இறங்கியபோது ஒரு நாய் குறுக்கே வந்தது. இல்லாத வலதுகால் பாய்ந்தது, இடதுகால் அதற்குப் பின்னால் போய்ப் பிரேக்கைப் பிடித்தது. நாய் தப்பியது. இன்றைக்கும் அப்படித்தான், இரண்டு காலும் போகும்.

அதற்குள் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. எங்கள் விண்ணப்பங்கள் ஒன்றிலும் பிழை இல்லை. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்திலேயே சொல்லிக் கிடப்பில் போட்டிருந்தார்கள். பிறந்த திகதியும் ரயில் தண்டமும் உரத்த குரலும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீட்டில் அதை வாசித்தபோது ஒருவன் சிரித்தான், பிறகு எழும்பிப் போய்விட்டான். இராசன் அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அதற்கு முன்பே என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்திருந்தார்.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உள்ளதைச் சொல்லுங்கள். நல்ல உடுப்பை மாற்றிவிட்டு, வீட்டில் போடும் உடுப்போடு கதவைத் திறவுங்கள். ஊன்றுகோல் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். வடை கொடுங்கள், அதில் பிழையில்லை, ஆனால் கதிரையில் இருந்துகொண்டு கொடுங்கள்.

இவ்வளவோடு நிறுத்தலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் என்னுடையது முழுக்க அதுவல்ல.

அந்த இலையுதிர்காலத்தில் றீற்றாவுக்கு விசா வந்தது. நானே காரை எடுத்துக்கொண்டு கோப்பன்ஹேகன் போனேன். அப்போது பாலம் கிடையாது, பெருநீரிணையைக் கடக்கக் காரோடு கப்பலில் ஏற வேண்டும். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், எப்படித் தொடங்குவது, எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்று. விமான நிலையத்தில் ஊன்றுகோலோடு நின்றேன். அவள் மெலிந்திருந்தாள். என் முகத்தை மட்டும் பார்த்தாள், கீழே பார்க்கவே இல்லை. காரில் ஏறினாள். என் இடதுகால் இரண்டு மிதிக்கும் மாறி மாறிப் போவதைக் கண்டிருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. ஊர்ச் செய்தி சொன்னாள், செத்தவர்களின் பெயர்களைச் சொன்னாள்.

திரும்பும் கப்பலில், மேல்தட்டில் யன்னலோர மேசையில் இரண்டு தேநீர் வாங்கி வைத்தேன்.

“இஞ்சேர் றீற்றா, உமக்கு ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது.”

“கால்தானே,” என்றாள். “எனக்குத் தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“இராசன் அண்ணை எழுதினவர். ஒப்பரேசன் முடிஞ்ச கிழமையே எழுதிப் போட்டார். நீங்கள் தப்புவியளோ எண்டு அந்தாளுக்குப் பயம். செபம் சொல்லச் சொல்லி எழுதினவர். பிறகு எழுதுறதை விட்டிட்டார். நான் போட்ட காயிதத்துக்கும் பதில் இல்லை.”

“ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“நீங்கள் வழுக்கி விழுந்தது எண்டு எழுதியிருந்தியள். நீங்களாச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.” தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துச் சூடு பார்த்தாள். “ஆனா நான் சும்மா இருக்கேல்லை. எங்கட கேசுக்கு எழுதிப் போட்டனான். என்ரை மனுசனுக்கு ஒரு கால் இல்லை, அவரைப் பாக்க ஆக்கள் இல்லை, என்னைக் கெதியா விடுங்கோ எண்டு. கொன்வென்ற் சிஸ்டர் இங்கிலீசிலை எழுதித் தந்தவ. மூண்டு தரம் கொழும்பிலை இருக்கிற டென்மார்க் கந்தோருக்கு அனுப்பினனான்.”

“முதல் தரம் எப்ப?”

“பங்குனியிலை. பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை.”

வைகாசியில்தான் நான் ஊன்றுகோலைக் குளியலறையில் ஒளித்தேன். எந்தக் கோப்புக்கு அதை மறைக்கப் படி ஏறினேனோ, அந்தக் கோப்பில் அது இரண்டு மாதத்துக்கு முன்பே என் மனைவியின் கையெழுத்தோடு இருந்திருக்கிறது. நான் தேநீரைக் குடிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

றீற்றா கதிரையை என் பக்கம் நகர்த்தினாள். சனங்கள் பார்க்காதபடி மேசைக்குக் கீழே கையைக் கொண்டுவந்து என் தொடையில் வைத்தாள். அவளுடைய விரல்கள் மெல்லக் கீழே இறங்கின. சதை முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் இடத்தில் நின்றன. திரும்ப மேலே வந்து, மறுபடி இறங்கித் தேடின.

“முழங்காலுக்குக் கீழை எண்டுதானே அண்ணை எழுதினவர்?” என்று கேட்டாள்.